பதினாலு சாப்பாட்டு டப்பா

எங்கள் நடவு செட்டில் ஆளை எண்ண மாட்டோம். விரல் நீட்டித் தலையை எண்ணினால் கண் பட்டுவிடும், அதில் ஒருத்தி படுத்துவிடுவாள் என்று பயம். அதனால் வேலை முடிந்து வண்டி ஏறும்போது சாப்பாட்டு டப்பாவைத்தான் எண்ணுவோம். டப்பாவைக் கையில் எடுக்காமல் எவளும் வரப்பைவிட்டு ஏற மாட்டாள். பதினாலு டப்பா இருந்தால் பதினாலு பேரும் இருக்கிறோம். செட்டுக்கு மேஸ்திரி நான், எண்ணுவது என் வேலை. ஒரு நாள்கூடத் தப்பியதில்லை என்ற பெருமை வேறு எனக்கு உண்டு.

அந்தக் கணக்கை நம்பித்தான் போன மாசியில் அக்காவை வழியில் விட்டுவிட்டுப் போனேன்.

அவள் எனக்கு உறவில்லை. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நடவில் எப்போதும் என் வலது கைப்பக்கம் நிற்பவள். ஐம்பத்தைந்து வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை. சாலவாக்கத்திலிருந்து கடல் ஒன்றும் காசி தூரத்தில் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் விடவில்லை, பின்னால் புருஷன் விடவில்லை, அவன் போன பிறகு கூட்டிப் போக ஆளில்லை. தை மாத நவரை நடவு முழுக்க என் காதைத் தின்றாள்.

"கடல ஒரு தபா பாத்துட்டா போதும்டீ. அப்புறம் இன்னா ஆனாலும் பரவால்ல."

அவளுக்காகத்தான் வேன் பிடித்தேன். மற்ற பன்னிரண்டு பேரும் அவள் புண்ணியத்தில் கிளம்பியவர்கள்.

படாளம் வரை கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தோம். யாரும் சும்மா வரவில்லை. வழியெல்லாம் அடுத்த ஊர்க்காரிகள் நட்ட கழனியைக் குறை சொல்லிக்கொண்டே வந்தோம். "பாரேன், இன்னாமா நட்டு வெச்சிகீறாளுங்க, கோணல்மாணலா!" ஊர் சுற்றக் கிளம்பினாலும் கண் சேற்றைவிட்டு வருவேனா என்கிறது.

மதுராந்தகம் ஏரிக்கரையில் டீ குடிக்க நிறுத்தினோம். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அக்கரையைத் தேடினாள்.

"கடலு இத விடப் பெருசாவா கீது?"

"இது அதுக்கு ஒரு சொட்டுக்கா," என்றேன். நம்பாமல் சிரித்தாள்.

டிரைவர் ஆரன் அடித்தார். எல்லோரும் திமுதிமுவென்று ஏறினார்கள். நான் கதவருகே நின்று சீட்டுக்கு அடியிலும் மேலும் பார்த்து எண்ணினேன். பதினாலு டப்பா. "போலாம் நைனா," என்றேன். அந்த டப்பாக்கள் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. அங்கிருந்து நான் முன் சீட்டுக்கு மாறிக்கொண்டேன். அக்கா பின்னால் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள் என்னோடு முன்னால் இருக்கிறாள் என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

சித்தாமூர் தாண்டியது, செய்யூர் தாண்டியது. பனைமரங்களும் உப்பளங்களும் வந்தன. வெள்ளை வெள்ளையாகக் குவித்திருந்த உப்பைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தோம். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கடல். வேன் நிற்பதற்குள் குதித்து ஓடினோம். நானும்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் அளவு இறங்கி, அலை அடித்தபோது சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன். பிறகுதான் "பாத்தியாக்கா?" என்று திரும்பினேன்.

அக்கா இல்லை.

அலைதான் இழுத்துப் போய்விட்டது என்று நினைத்தேன். என்ன கத்தினேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த மீன்காரர்கள் எழுந்து ஓடி வந்தார்கள்.

"எத்தினி பேரும்மா வந்தீங்க? மொதல்ல எண்ணு!"

விரல் நீட்டி எண்ணினேன். என்னைச் சேர்த்துப் பதிமூன்று. திரும்ப எண்ணினேன். பதிமூன்றுதான். வேனுக்கு ஓடி, என் போனை எடுத்து அவள் போனுக்கு அடித்தேன். வேனுக்குள்ளிருந்து மணி அடித்தது. பின் சீட்டில் அவள் டப்பாவுக்குப் பக்கத்தில், துணிப்பையில் போன் கிடந்தது.

"ஏரிக்கரைல மதகுப் பக்கம் நடந்து போனாங்க," என்றாள் ஒருத்தி மெதுவாக. "திரும்பி வந்தத நான் பாக்கல."

கடல் கொண்டுபோகவில்லை என்று ஒரு நொடி உயிர் வந்தது. அடுத்த நொடியே போனது. கடல் இழுத்திருந்தால் பழி கடலுக்கு. இது முழுக்க என்னுடையது. அத்தனை தூரம் வந்திருக்கிறோம். அவள் குரல் கேட்கவில்லையே என்று பதிமூன்று பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது.

திரும்பும் வழியில் வேனுக்குள் ஒரே சண்டை. நீ பார்த்திருக்கலாமே, நீ கேட்டிருக்கலாமே என்று ஒருத்தியை ஒருத்தி பிடுங்கினார்கள். ஊர் பேர் தெரியாத எந்த பஸ்ஸில் ஏறினாளோ, ரோட்டைக் கடக்கப் போய் லாரியில் அடிபட்டாளோ என்று என் மனசு கண்டபடி ஓடியது.

ஏரிக்கரையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்திலேயே புளியமரம் இருக்க, உச்சி வெயிலில், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றிருந்தாள். முகம் கறுத்து உதடு காய்ந்து கிடந்தது. டீக்கடைக்காரர்தான் எங்களைத் திட்டித் தீர்த்தார். "பஸ் ஏத்தி வுடறேன், வூட்டுக்குப் போம்மான்னு எத்தினியோ சொன்னேன். நகர மாட்டேன்ட்டாங்க."

எல்லோரும் இறங்கி அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை.

"எதுக்குடீ அழுவுறீங்க? மதகாண்ட இருந்து ஓடியாறதுக்குள்ள வண்டி கெளம்பிடுச்சி. கரைமேல நின்னு கைய ஆட்டினேன். இவ முன்னாடி ஜன்னல்ல இருந்து என்னப் பாத்து திருப்பிக் கைய ஆட்டினா. எங்கியோ போய்ட்டு வந்துடறேன், அங்கியே இருன்னு சொல்றான்னு நெனச்சேன். அதான் நகரல."

ஆமாம். ஆட்டினேன். கரைமேல் யாரோ ஒருத்தி முந்தானை பறக்கக் கையாட்டிக்கொண்டிருந்தாள். கடலுக்குப் போகிற குஷியில் நானும் சிரித்துக்கொண்டே கையாட்டினேன். இத்தனை வருஷமாக என் பக்கத்தில் குனிந்து நட்டவளை யாரோ ஒருத்தி என்று நினைத்து ஆட்டினேன்.

மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஆமாக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அத்தனை நேரம் வெயிலில் நின்றவளிடம் எனக்குப் பொய் வரவில்லை.

"அக்கா, அது நீன்னு எனக்குத் தெரியலக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, வாங்க, நேரமாவுது," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். அவளுக்கென்று முன் சீட்டில் இடம் வைத்திருந்தேன். அவள் கடைசி சீட்டுக்குப் போனாள்.

வெயில் சாய்ந்தபோது மறுபடியும் கடலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் வாயைத் திறந்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு தண்ணீரில் கால் வைத்தாள். அலை வந்தபோது பயந்து அவள் எட்டிப் பிடித்தது, இந்தப் போகத்தில்தான் எங்களோடு சேர்ந்த ஒருத்தியின் கையை. அவளுக்கு மறுபக்கம், ஓர் எட்டு தூரத்தில்தான் நான் நின்றிருந்தேன்.