சொல்லாமல் விட்ட கடைசி வரி

ஒத்திகையில் நாடகத்தின் கடைசி வரியை வாய்விட்டுச் சொன்னால் நாடகமே படுத்துவிடும் என்பது இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகர நடிகர்களின் நம்பிக்கை. நிலக்கரி மூட்டை சுமந்து, சொந்த முயற்சியில் கதாநாயகனாகிவிட்ட ஆம்புரோஸும் அந்த வரியை விழுங்கியே பழகினார்.

அரங்கேற்றத்தன்று கடைசிக் காட்சியில், மேடையில் மகளின் கல்லறைமுன் நின்றபோது அந்த வரி வாயில் வரவில்லை. சொதப்பினால் மறுபடி மூட்டைதான். விளக்கொளியில் தூசி பனியாய் மிதந்தது. தூக்கத்தில் நடப்பவர்போல் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். அரங்கமே மூச்சடக்கியது. திரை இறங்கியதும் கைதட்டல் அதிர்ந்தது.

“வரிய எங்க தொலைச்சீங்க, பெரிய மனுஷரே?” என்றாள் உடன் நடித்த வின்னி.

“வரிய எவன் வேணும்னாலும் சொல்லுவான். சொல்லாம நிக்க நான்தான் வேணும்.”

வாசலில் காத்திருந்த சினிமா இயக்குநர், “கேமரா முன்னாடியும் இப்படி நிப்பீங்களா?” என்றார்.

கடைசிவரை படங்களில் அப்படித்தான் நின்றார். வசனம் குறைவு; சம்பளம் குறையவில்லை.