அடுத்தவர் மரத்துக்கு யார் பொறுப்பு?

மரப்பட்டறை நடத்துகிறவர்களுக்கு ரம்பத்தின் சத்தம் பழகிவிடும், தூசி பழகிவிடும், இன்சூரன்ஸ் ஆட்கள் மட்டும் கடைசிவரை பழகவே மாட்டார்கள். பழனிசெட்டிபட்டியில் நானும் என் வீட்டுக்காரர் ஆரோக்கியமும் பட்டறை வைத்திருக்கிறோம். உளியும் மெஷினும் அவர் பாடு. பேங்க், பில், இன்சூரன்ஸ் எல்லாம் என் பாடு. பட்டறைக்கு ஒரு நல்ல பாலிசி தேடி அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் வயிறு எரியும். பரவாயில்லை, சேர்ந்தே எரிவோம்.

ஷோரூம் முதலாளி

புது இழைப்பு மெஷினுக்கு லோன் போட்டபோது, கேட்காமலே ஒரு பாலிசியும் கூட வந்தது. சும்மா புரட்டிப் பார்த்தேன். என்ன தொழில் என்கிற இடத்தில் 'ஃபர்னிச்சர் ஷோரூம்' என்று போட்டிருந்தது. ஷோரூமாம்! தகரக் கூரை, கணுக்கால் புதையும் மரத்தூள், மூலையில் தின்னர் டப்பா. வருகிறவர்கள் உட்கார ஒரு உருப்படியான நாற்காலி கிடையாது. நாளைக்குத் தீப்பிடித்தால், "நீங்கள் பட்டறை என்று சொல்லவே இல்லையே" என்று கையை விரித்துவிட மாட்டார்களா?

ஏஜென்ட் தம்பியைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் துளி அசரவில்லை. மரத்தூளுக்குப் பயந்து நுனிக்காலில் நின்றுகொண்டு சொன்னான்: "பட்டறைன்னு போட்டா பிரீமியம் எகிறும்க்கா. தீப்பிடிச்சா அப்பப் பாத்துக்கிருவோம்."

ஆளுக்கு ஒன்று

பட்டறை என்றே எழுது என்று அடம்பிடித்தேன். சரி என்று போனவன் மறுவாரம் வேறு பேப்பரோடு வந்தான். ஆயுள் காப்பீடு! நான் மெஷினைப் பற்றிக் கேட்டால் அவன் என் வீட்டுக்காரரின் வயதைக் கேட்கிறான். நான் மரத்தைப் பற்றிக் கேட்டால் அவருக்குச் சுகர் உண்டா என்கிறான். "மெஷினு போனா வாங்கிக்கலாம்க்கா, அண்ணனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன செய்வீக?" என்று முகத்தை வேறு துக்கமாக வைத்துக்கொண்டான்.

என் வீட்டுக்காரர் பொதுவாகப் பேசமாட்டார். அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, மோட்டாரு எரிஞ்சுபோனா என்னயவா மாட்டி ஓட்டுவீக?"

பில் கேட்ட ஆபீசர்

கடைசியில் பட்டறை என்றே பாலிசி வந்தது. எங்கள் மெஷின், எங்கள் மரம் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் எனக்கு முக்கியமானது வேறு. எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்களில் பாதிப்பேர் கடையில் மரம் வாங்குவதில்லை. சொந்தத் தோட்டத்து வேம்பை வெட்டி, மில்லில் அறுத்து, பட்டறையில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அது மாதக்கணக்கில் காயும். ஒருவர் கட்டை இன்னொருவர் கதவுக்குப் போய்விடாமல், ஒவ்வொன்றின் முனையிலும் சிவப்புப் பெயிண்டில் அவரவர் பெயரை எழுதிவைப்போம். நம்பிக் கொடுத்த மரம் அது. அதற்கும் சேர்த்துப் பாலிசி வேண்டும் என்றேன்.

பார்க்க வந்த ஆபீசர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். "இதெல்லாம் உங்க சரக்கு இல்லையே மேடம். தனியாச் சேர்க்கணும்னா ஒவ்வொரு மரத்துக்கும் வாங்கின பில் வேணும்" என்றார். அந்த நேரம் பார்த்து ஓடைப்பட்டி பாண்டியம்மா தன் மரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்திருந்தார். திராட்சைத் தோட்டத்து ஓரத்தில் நின்ற வேம்பு, வீட்டு வாசல் நிலைக்காக வெட்டியது. அவர் ஆபீசரை ஏற இறங்கப் பார்த்தார்: "தானா மொளச்ச மரத்துக்கு யாருய்யா பில்லு போடுவா, மழையா?"

பெயர் மாற்றம்

பில் இல்லாமலே சேர்த்துக்கொள்ளச் சொல்லி நாங்கள் போட்ட விண்ணப்பம் மதுரை ஆபீசுக்குப் போய் அங்கேயே குந்திவிட்டது. அடுத்த பட்டறை செல்வராஜுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. ஏஜென்ட் தம்பி காதில் ஓதினானோ என்னவோ, வாடிக்கையாளர் பெயரையெல்லாம் இழைத்து எடுத்துவிட்டு, எல்லாக் கட்டையிலும் தன் பட்டறைப் பெயரை எழுதிக்கொண்டார். பாலிசியும் சுலபமாகக் கிடைத்தது. என்னையும் அப்படிச் செய்யச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுத்தவர் மரத்தில் என் பெயரை எழுதத்தானா இத்தனை வருடம் தொழில் செய்கிறோம்?

இரண்டொரு நாளில் மரத்துக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டார். செல்வராஜ் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்துவதற்குள் தெருவே கூடிவிட்டது. அந்த மனுசன் போட்ட சத்தம்: "ஏலே, எங்கய்யா வச்ச மரத்துல எதுக்குடா உம்பேரு?"

சர்வேயர்

வீரபாண்டித் திருவிழாவுக்காகப் பட்டறைகளைப் பூட்டியிருந்தோம். மத்தியானம் எங்களுக்கும் செல்வராஜுக்கும் பொதுவான சுவரில் இருந்த மின்பெட்டி தீப்பிடித்துக்கொண்டது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் இரண்டு பக்கமும் அடுக்கியிருந்த மரம் பெரும்பகுதி போய்விட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாதாவுக்கு நன்றி.

சேதத்தைக் கணக்கெடுக்க இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். எங்கள் மெஷினை ஒத்துக்கொண்டார். பெயர் போடாத எங்கள் மரத்தையும் ஒத்துக்கொண்டார். பாதி எரிந்த கட்டைகளைப் புரட்டி, சிவப்பு எழுத்துத் தெரிந்ததையெல்லாம் ஒதுக்கிவைத்தார். விண்ணப்பம் மதுரையில் இருக்கிறது என்றேன். அது முடிவாகவில்லையே என்றார். அடுத்த பக்கம் செல்வராஜ் தன் பட்டறைப் பெயரை எழுதிவைத்த கட்டைகள் அத்தனையும் கணக்கில் ஏறின. பொய் எழுதியவருக்கு உண்டு, உண்மை எழுதியவளுக்கு இல்லையா என்று வாய்விட்டே கேட்டேன். அவர் பேனாவை மூடினார்: "எழுதியிருக்கிறதைத்தான் மேடம் நாங்க பார்க்க முடியும்."

நிலை வைக்கும் நாள்

பாண்டியம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம், பட்டறைக்கு வந்தார். நிலை வைக்க நாள் குறித்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். எங்களிடம் மிஞ்சிய தேக்கில் புது நிலை செய்து, குறித்த நாளுக்கே கொண்டுவந்து வைக்கிறோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதற்குப் பாண்டியம்மா தலையை மட்டும் ஆட்டினார். அந்த வேம்பின் நிழலில்தான் பிள்ளைகளைத் தூளி கட்டிப் போட்டு வேலை பார்த்தாராம்.

என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், பாலிசிக்காரர்கள் ஏன் மறுத்தார்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் குனிந்து, தன் வேம்பின் கரிக்கட்டை முனையிலிருந்த சாம்பலைத் துடைத்தார். பெயர் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்துக் கேட்டார்: "எம்மரத்துல எம்பேரு இருந்ததுக்கா, ஆத்தா, இல்லைன்னுட்டாக?"

பட்டறைக்காரர்களே, அடுத்தவர் மரமும் சேர்த்தி என்று அச்சில் ஏறிய பாலிசி கைக்கு வரும்வரை, அந்த மரத்தைக் காயவைக்காமல் முல்லையாற்றில் ஊறப்போட்டு வைப்பதுதான் இன்றைய தேதிக்குச் சிறந்த இன்சூரன்ஸ்.