திரும்பி வராத தட்டு

ஷீலா பிறந்து வளர்ந்தது நகரத்தின் நெருக்கமான பகுதியான போபோடியில் ஒரு சந்தில். அங்கே ஒரு வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் மூன்று வீட்டுப் பெண்கள் தங்கள் அடுப்பைப் பார்க்க ஓடுவார்கள். அப்பேர்ப்பட்டவளை அதே நகரத்தின் ஓரத்தில், புனாவளேயில் பன்னிரண்டாம் மாடியில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? நேற்றுவரை சோளமும் வெங்காயமும் விளைந்த மண்ணில் இன்று வரிசை வரிசையாகக் கட்டடங்கள். மாடிக்கு நாலு கதவு, நாலும் சாத்தியே கிடக்கும். பேச ஆளில்லாமல் ஷீலாவுக்கு வாய் துருப்பிடித்தது.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்குறேன். அப்பவும் இப்படியே இருந்தா போபோடிக்கே போயிடலாம். அம்மா வீட்டு மாடி காலியாத்தான இருக்கு," என்றாள் கணவன் ஆண்டனியிடம். கசார்வாடிப் பட்டறையில் வருஷக்கணக்காக உழைத்து அவன் ஆசையாக வாங்கிய வீடு. பாவம், தலையை மட்டும் ஆட்டினான்.

கிறிஸ்துமஸ் வந்தது. ஷீலா முறுக்கும் அதிரசமும் சுட்டு, தன் நல்ல எவர்சில்வர் தட்டுகளில் வைத்து மூன்று வீட்டுக்கும் கொடுத்தாள். போபோடியில் கொடுத்த தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது வரும். இங்கே மறுநாளே இரண்டு தட்டுகள் வேலைக்காரப் பெண் கையில் வந்தன, பளபளவென்று கழுவி. ஷீலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது தட்டு வரவே இல்லை. அது எதிர்வீட்டுக் கமல் தாயி வீடு; மராத்தியில் தாயி என்றால் அக்கா. இந்த நிலமே ஒரு காலத்தில் அவர்களுடையது; கட்டடம் கட்டியவர்களுக்குக் கொடுத்ததற்குப் பங்காக ஃப்ளாட் கிடைத்தது. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு வயலை மட்டும் விற்காமல் வைத்திருந்தார்கள்.

ஜனவரியும் பாதி போயிற்று. போபோடிக்குச் சாமான் ஏற்ற ஆண்டனி ஞாயிற்றுக்கிழமைக்கு டெம்போ பேசிவிட்டான்.

"தட்டு வாங்காம நான் கிளம்ப மாட்டேன். இவ்ளோ நிலம் வச்சிருந்தவங்களுக்கு என் ஒத்தத் தட்டா கேக்குது?" என்று ஷீலா எதிர்வீட்டு மணியை அழுத்தினாள். அவளுக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கமல் தாயி கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். தட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. பண்டிகைப் பலகாரம் வந்த தட்டை வெறுமையாக எப்படித் தருவது, கடையில் வாங்கி வைக்கவும் மனசில்லை, சோளக்கதிர் பால் பிடிக்கட்டும் என்று காத்திருந்தேன் என்று மராத்தியில் மூச்சுவிடாமல் சொன்னார். இப்போதுதான் ஹுர்டாவுக்குப் பக்குவமாம். இளஞ்சோளக் கதிரை வறட்டித் தணலில் சுட்டு, உள்ளங்கையில் கசக்கிச் சூடாகத் தின்பது. இந்தப் பக்கத்துக் குளிருக்கு அதுதான் விருந்து. தட்டில் கொண்டுவந்தால் ஆறிவிடும், ஞாயிற்றுக்கிழமை வயலுக்கே வந்துவிடு என்றார். சண்டைக்குப் போனவள் மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது ஆண்டனி பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"தட்டு கிடைச்சுதா?"

"அது அங்கயே இருக்கட்டும். டெம்போக்காரனுக்கு போன் போட்டு வர வேணாம்னு சொல்லு."

"அப்ப என்னைக்கு வரச் சொல்றது?"

"எதுக்கு வரணும்? ஞாயித்துக்கிழமை வயல்ல ஹுர்டா. போபோடியிலருந்து உங்க அக்காவையும் வரச் சொல்லு. நம்ம வீட்டுக்குப் பின்னாடிதான் வயல்னு சொல்லு."

நம்ம வீடு! குடிவந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னதே இல்லை. ஆண்டனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கே மனசை மாற்றிக்கொள்வாளோ என்று அவசர அவசரமாகப் பாத்திரங்களில் சுற்றிய செய்தித்தாளைப் பிரிக்க ஆரம்பித்தான்.