சிலிண்டருக்குக் கட்டிய செவ்வந்திச் சரம்

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் நூல் மில்லில், போன ஆயுத பூஜைக்குத் தீயணைப்பு சிலிண்டருக்கும் பொட்டு வைத்தேன். செவ்வந்திச் சரத்தை எங்கள் மில் நூலாலேயே இறுக்கிக் கட்டினேன்.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய அன்றே பஞ்சு தீப்பிடித்தது. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கைப்பிடியில் செருகியிருந்த பின்னை இழுத்தேன், வரவில்லை. நூல் அதையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. எங்கள் நூல் லேசில் அறாது.

"ஏட்டி, இங்க காட்டு," என்று கூட வேலை பார்க்கும் செல்வி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பின்னைப் பிடுங்கிக் கைப்பிடியை அழுத்தினேன், பொடி பீறிட்டுத் தீ அணைந்தது. வெள்ளைப் பொடி படிந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம்.

இந்த வருஷமும் சரத்தோடு சிலிண்டர் பக்கம் போனேன். "அதுக்குப் பொட்டு போதும். பூவ எனக்குப் போடு," என்று செல்வி கழுத்தை நீட்டினாள்.

போட்டேன். அன்று கைகொடுத்த ஆயுதம் அவள் பல்தானே.