ஏழுமலை விட்டுப்போன இரண்டு சேதிகள்

வழக்கறிஞர் ஏழுமலை தவறிய சேதி எனக்குத் தலைகீழாக வந்து சேர்ந்தது. அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் நிறைந்துவிட்டால் நம் ஊர் டவர்கள் திணறும் என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் போனில், நம் வக்கீல்கள் குழுவில் ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. அடுத்து, "இந்தத் தடவை யார் போட்டது சார்?" என்று ஒரு கேள்வி. பிறகு ஒருவர் "ஆழ்ந்த இரங்கல்" என்றார். யாருக்கு இரங்கல் என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, எல்லாவற்றுக்கும் முன்னால் அனுப்பப்பட்ட சேதி கடைசியாக வந்து விழுந்தது. ஏழுமலையின் எண்ணிலிருந்து அவர் மனைவி சுமதி அனுப்பியிருந்தார்: "அவர் காலைல தவறிட்டாருங்க."

சிரித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். போன வருடம் ஏழுமலை நோட்டீஸ் அனுப்பிய கோபத்தில் எவனோ ஒருவன் அவர் படத்துக்கு மாலை போட்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தயாரித்து இணையத்தில் உலவவிட்டான். ஏழுமலை அதன் கீழேயே போய், "போட்டோ நல்லா இருக்கு, மாலைதான் கம்மி" என்று எழுதிவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் சாவு நமக்கெல்லாம் ஒரு கேலிப்பேச்சாகிவிட்டது. உண்மையாகவே அது வந்தபோது நம்மில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

இளமை முழுவதும் பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் கழித்தவர் அவர். "ஒரு வழியில வந்தா அது வெறும் சத்தம். ரெண்டு வழியில வந்தாதான் சேதி" என்பார். நானும் அவர் சொன்னபடியே செய்தேன். போன் போகவில்லை. செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி அவர் வீடு. போலீஸ் வண்டியை விடவில்லை, வலம் வருகிறவர்களோடு சேர்ந்து நடந்தேன். அவர்கள் அரோகரா சொல்லிக்கொண்டு நடந்தார்கள். இதுவும் எவனோ செய்த குறும்பாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டே நடந்தேன். அவர் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது.

வேங்கிக்காலில் எங்கள் இருவருக்கும் ஒரே அலுவலகம், எதிரெதிர் மேசை. எனக்கு நில வழக்குகள், அவருக்கு இணைய வழக்குகள். "உங்களுக்கு வரப்புச் சண்டை, எனக்கு வம்புச் சண்டை" என்று சீண்டுவார். "உங்க வம்புக்கு எல்லைக்கல் கூடக் கிடையாது" என்பேன் நான். பத்து வருடம் எதிரில் உட்கார்ந்தும் அந்த மனிதர் எனக்குப் பிடிபடவில்லை.

பட்டாளத்தை விட்டு வந்து, தலை நரைக்கத் தொடங்கிய வயதில் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்தவர் அவர். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றார்களாம். இவரும் "உட்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். கணக்கில் அரியர் மேல் அரியர். "எல்லையில கூட நான் இவ்ளோ பயந்ததில்லம்மா" என்பார். எப்படியோ பட்டம் வாங்கி, வாங்கிய கையோடு சட்டம் படிக்கப் போய்விட்டார். ஏன் என்று கேட்டால் என்னிடம் ஒரு காரணம் சொல்வார், குமாஸ்தாவிடம் இன்னொன்று, கோர்ட் டீக்கடையில் வேறொன்று. எது நிஜம் என்று எனக்கு இன்றும் தெரியாது.

கோர்ட்டில் துப்பாக்கியை விழுங்கியவர் மாதிரி விறைப்பாக நிற்பார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இணையத்தில் 'பழைய சிப்பாய்' என்ற பெயரில் அவர் பேசுவதைக் கேட்டால் வேறு ஆள். கணக்கைப் பறிகொடுத்தவர்கள், படத்தை யாரோ திருடிவிட்டதாக அழுகிறவர்கள் எல்லோரும் அங்கே வருவார்கள். எல்லோருக்கும் முதல் பதில் ஒன்றுதான்: "பயப்படாத. மொதல்ல போனக் கீழ வை. ஒரு சொம்பு தண்ணி குடி."

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "அவரு எனக்கு ஹாய் போட்டிருக்காருங்க" என்று போனை நீட்டினார். செத்தவர் கணக்குக்குள் எவனோ புகுந்திருந்தான். ஏழுமலை மனு மேல் மனு போட்டு அதை மூட வைத்தார். மூடியதைச் சொன்னதும் அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. "அவரு போட்டோல்லாம் அதுலதாங்க இருந்துச்சு. ஒரு நாள் விட்டு வெச்சிருக்கலாம் இல்ல?" என்று அழுதார். அவர் போன பிறகு ஏழுமலை அந்த வழக்குக் கட்டை முடிச்சுப் போட்டு வைத்தார். அப்புறம் என்னிடம், "நான் போனா அன்னைக்கே என் கணக்க மூடிடுங்கம்மா. எவனும் என் பேர்ல பேசக் கூடாது" என்றார். தமக்குப் பின் அதை மூடும் உரிமையையும் அந்தப் 'பழைய சிப்பாய்' கணக்கிலேயே என் பேரில் பதிந்துவைத்தார்.

காரியம் முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, சுமதியிடம் ஒரு வார்த்தை சொல்லப் போனேன். கூடத்தில் ஏழுமலையின் குரல் கேட்டது. வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தேன். சுமதிதான் போனில் அவருடைய பழைய பேச்சைப் போட்டிருந்தார்.

"காலைல இதக் கேட்டுட்டுதாங்க அடுப்பாண்ட போறேன்."

அவர் சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னேன். சுமதி என்னை நம்பாமல் பார்த்தார்.

"என்னாண்ட வேற சொன்னாரே. நான் இல்லன்னா என் பேச்சப் போட்டுக் கேளு, தனியா இருக்கிற மாதிரி தெரியாதுன்னாரு."

"எப்போ சொன்னாரு?"

"வீட்ல பேசறதுக்கெல்லாம் தேதி வெச்சிக்கிறோமா?"

குரலை மட்டும் தனியாக எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாமென்று தலையாட்டினார். "அதுங்கீழ ஜனங்க இன்னும் அவருக்கு எழுதறாங்க. அதையும்தான் படிக்கிறேன். மூடிட்டா அவங்க எங்க போவாங்க?"

என்னிடம் சொன்னது முந்தியா, சுமதியிடம் சொன்னது முந்தியா என்று தெரிந்தாலாவது பின்னால் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் தெரியவில்லை. கட்சிக்காரரின் கடைசி விருப்பத்தை நிறைவேற்றாத வக்கீலாக ஒரு நாள் தோன்றுகிறது. அந்த வீட்டில் மிச்சமிருக்கும் ஒரு குரலைப் பிடுங்கப் போகிறவளாக மறுநாள் தோன்றுகிறது. இப்படிப்பட்ட சிக்கலில் நான் யோசனை கேட்கும் ஆள் எதிர் மேசையில் இருந்தார். அவர் இல்லாதது எனக்குத் தாங்கவில்லை.

ஒருமுறை அவரை மடக்குவதாக நினைத்து, "ரெண்டு வழியிலயும் வேற வேற சேதி வந்தா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டிருக்கிறேன். உடனே பதில் சொன்னார். "நின்ன எடத்துலயே நிப்போம்மா. அனுப்பினவன் மறுபடியும் கூப்பிடுவான்."

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இதுதான். நான் கணக்கை மூடவில்லை. தினமும் காலையில் அதைத் திறந்து, அவர் பேரில் வேறு எவனும் பேசியிருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் கோர்ட்டுக்குக் கிளம்புகிறேன். நின்ற இடத்திலேயே நிற்கிறேன் சார். நீங்கள் மறுபடியும் கூப்பிட வேண்டும்.