செபா சொல்லும் முதல் செட்டு

சார்ஜ் ஏறிய பேட்டரி ஒவ்வொன்றையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார் செபா. சூடு தெரிந்தால் ஜன்னலோரம் ஆறப் போடுகிறார். வயிறு உப்பியிருந்தால், "இது முழுகாம இருக்குக்கா, இனி ஆகாது" என்று தனியே ஒதுக்குகிறார். மிச்சமெல்லாம் மணல் பரப்பிய மண்சட்டிக்குள் போகின்றன. மீன் குழம்பு வைக்க வாங்கிய சட்டி அது. என்றைக்காவது பேட்டரி தீப்பிடித்தால் சட்டியோடு முடியட்டும் என்று இதற்கு விட்டுக்கொடுத்துவிட்டார்.

முழுப்பெயர் செபாஸ்தியம்மாள். வயது முப்பத்தெட்டு. தடித்த மூக்குக்கண்ணாடி, பின் குத்திய சேலை, வலது கட்டைவிரலில் மட்டும் காய்ப்பு. பேகம்பூரில் பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ. போர்டில் 'ஞானராஜ் வீடியோஸ்' என்று கணவர் பெயர் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், எந்தக் கடை போர்டில்தான் பெண்டாட்டி பெயர் இருக்கிறது? எனக்கு வயிறெரிவது வேறு விஷயத்துக்கு.

இப்போது கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஒரு மோகம் பிடித்திருக்கிறது. சின்ன ட்ரோன் ஒன்று மண்டபத்துக்குள் நுழைந்து, நாற்காலிகளுக்கு நடுவே ஓடி, மேடையில் ஏறி, தாலி கட்டும் கையை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். இதை ஓட்டுகிறவர் ட்ரோனைப் பார்த்து ஓட்டுவதில்லை. பெட்டி போன்ற கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா காண்பதையே தானும் கண்டு ஓட்டுகிறார். எஃப்பிவி என்கிறார்கள். திண்டுக்கல் வட்டாரத்தில் இதைக் கை நடுங்காமல் செய்கிறவர் செபா. செய்வதாக ஊர் நம்பிக்கொண்டிருப்பது ஞானராஜை.

ஆரம்பித்து வைத்தவர் ஞானராஜ்தான், அதை மறைப்பானேன்? மலையுச்சியிலிருந்து பாயும் ட்ரோன்களை யூடியூபில் பார்த்துவிட்டு, எடுத்த எடுப்பில் பெரிய சைஸில் ஒன்றை வாங்கினார். ஃபாதரிடம் கொண்டுபோய் மந்திரித்து வாங்கினார். ஒரு நாள்கூட ஓட்டிப் பழகவில்லை. மறுநாளே வடமதுரையில் ஒரு காதுகுத்துக்கு எடுத்துப் போய், வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தில் மோதினார். "தாரோட சீவிருச்சுக்கா. பஜ்ஜிக்குச் சீவுன மாதிரி. கீழ புள்ளைக நின்டுச்சுக. ஆரு செஞ்ச புண்ணியமோ" என்று இதைச் சொல்லும்போது செபா சிரிப்பதில்லை. காற்று அடித்துவிட்டது என்றார் ஞானராஜ். அன்றைக்குக் காற்றே இல்லை.

ட்ரோன் இரண்டாகப் போயிற்று. உடையாமல் மிஞ்சியது ரிமோட் மட்டும். ஞானராஜ் அதை அட்டைப்பெட்டிக்குள் போட்டுக் கட்டிவிட்டார். செபா அதை எடுத்துப் பழைய லேப்டாப்பில் செருகி, கம்ப்யூட்டருக்குள்ளேயே ட்ரோன் ஓட்டிப் பழகுகிற விளையாட்டு ஒன்றை ஏற்றிக்கொண்டார். ஆல்பம் வேலை ஒரு பக்கம், அடுப்பில் வெஞ்சனம் ஒரு பக்கம், நடுவில் இது. ஆறு மாதம். "அதுக்குள்ள ஆயிரந் தடவ விழுந்தேன். ஒத்த இறக்க ஒடையல, ஒருத்தருக்கும் காயமில்ல. இத விட்டுட்டு வாழமரத்துல போயி படிக்கணுமாக்கா?"

அந்த ஆறு மாதத்திலிருந்து பிறந்ததுதான் அவருடைய பட்டியல். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்ன வாங்குவது என்று கேட்டால், பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பார். முதல் வரி எப்போதும் ரிமோட். "பறக்குறத வாங்காத. கையில பிடிக்கிறத மொதல்ல வாங்கு. ட்ரோன் நாலு ஒடைப்ப, ரிமோட் நாலுக்கும் இருக்கும்." அதற்குக் கீழே, 'கம்ப்யூட்டரில் நாற்பது மணி நேரம். முடிக்காமல் அடுத்த வரியைப் படிக்க வேண்டாம்' என்று நிஜமாகவே எழுதுகிறார்.

அடுத்த வரியில் ட்ரோன். உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும், இறக்கைகளைச் சுற்றி வளையம் இருக்க வேண்டும். "கோழிமுட்ட கனங்கூட இருக்கப்படாது. ஆரு மேலயும் பட்டா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கணும், அம்புட்டுத்தேன்." கண்ணுக்குப் பெட்டி வகைக் கண்ணாடி. படம் கொஞ்சம் புள்ளியடிக்கும், ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே மாட்டலாம், விலையும் கையைக் கடிக்காது. பேட்டரி ஆறு. ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம்தான் தாங்கும் என்பதால், ஒற்றைப் பேட்டரி வாங்குகிறவன் ஒருநாளும் படிக்கமாட்டான் என்பது அவர் கட்சி. கடைசி வரியைக் கடைக்காரர் யாரும் சொல்லமாட்டார்கள்: 'மண்டபத்துக்குள் நுழைந்ததும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லவும்.'

போன மாதம் நான் போயிருந்தபோது ஒட்டன்சத்திரத்திலிருந்து கருப்பணன் என்று ஒரு ஸ்டுடியோக்காரர் வந்தார். "ஏனுங்க, புதுசா ஆரம்பிக்கறவனுக்கு எந்த செட்டுங்க நல்லது?" என்று ஞானராஜைக் கேட்டார். ஞானராஜ் தொண்டையைச் செருமினார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? "ஏ செபா, அந்தச் சாமான் பேரெல்லாம் செத்த எடுத்துச் சொல்லு" என்று குரல் கொடுத்தார். செபா பிளைவுட் தடுப்புக்குப் பின்னாலிருந்து சொன்னார். ஞானராஜ் ஒவ்வொன்றையும் இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். நாற்பது மணி நேரம் என்று வந்த இடத்தில், "நான் எம்பது மணி நேரம் பண்ணேன்" என்று சேர்த்துக்கொண்டார். கருப்பணன் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு தடுப்புக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா, குடிக்கத் தண்ணி கெடைக்குங்களா?" என்றார். செபா சொம்பில் கொடுத்தார். என்னிடம் வந்து உட்கார்ந்து, "நாக்கு அவருது, சொல்லு என்னுது" என்றார்.

ஏன் இப்படி? முதல் கல்யாணத்துக்கு செபாதான் மண்டபத்தில் நின்று ஓட்டினார். "ஆபரேட்டர் வரலயா? சம்சாரத்த அனுப்பி வச்சிருக்காப்ல" என்றார் ஒரு பெரியவர். நல்ல நேரத்தில் பொம்பளை கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பது சரியில்லை என்றார் இன்னொருவர். அடுத்து வரவிருந்த இரண்டு ஆர்டர் நழுவிப்போனது. அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு. செபா மண்டபத்து ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, புது ரிமோட்டோடு உட்கார்ந்து ஓட்டுவார். மேடைக்குக் கீழே ஞானராஜ் இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேட்டரி போடாத அந்தப் பழைய ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு, கட்டைவிரல்களை ஆட்டிக்கொண்டு நிற்பார். ட்ரோன் வலது பக்கம் போகும்போது ஆள் இடது பக்கம் சாய்வார். முந்நூறு பேர் பார்க்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

"அவரு கெட்டவரு இல்லக்கா. குடி கெடையாது, கைநீட்டுறது கெடையாது. அதேன் கஷ்டமே. கெட்டவருன்னா சண்ட போட்டுட்டுப் போயிருவேன்" என்றார் செபா. "ஒரே ஒரு கல்யாணம். நாலு பேரு பாக்க நின்டு ஓட்டணும். இது இவ கைன்னு தெரியணும். அதுக்கப்புறம் ஸ்டோர் ரூமுலயே கெடக்கேன்." செபா இதைக் கேட்கும்போதெல்லாம் ஞானராஜ் அடுத்த முகூர்த்தம் என்பார். அடுத்த முகூர்த்தம் எத்தனையோ வந்து போயிற்று. ஆவணியில் தாடிக்கொம்பு ரோட்டு மண்டபத்தில் ஒரு வெங்காய வியாபாரி வீட்டுக் கல்யாணம் வந்தபோது, இந்தத் தடவை நீதான் என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று வாக்குக் கொடுத்தார். என்னையும் வரச் சொல்லி செபா போன் செய்தார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்துக்காகவே போனேன்.

மெரூன் பட்டில், மூக்குக்கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். ஏழு மணிக்கு ஞானராஜ் வந்தார். "செபா, மாப்ள வீட்டாளுக ஒரு மாதிரியா இருக்காக. இன்னிக்கி வேணாம். அடுத்த முகூர்த்தத்துல பாத்துக்கிருவோம்." செபா "சரி" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு நடந்தார். நான் திட்டியிருப்பேன். என் வாயை அடைத்தது அந்த "சரி"தான்.

அன்றைக்கு அவர் ஓட்டியதைப் போல நான் பார்த்ததில்லை. ஸ்டோர் ரூம் வாசலில் நின்றால் நடைவழியாக மேடை தெரியும். ட்ரோன் தோரணத்துக்குள் நுழைந்து, விழும் அட்சதைக்கு நடுவே புகுந்து, மூன்றாம் முடிச்சின் மேல் செத்த நேரம் நின்று, ஓமப்புகை படாமல் திரும்பியது. கூட்டம் கைதட்டியது. கண்ணாடியைக் கழற்றாமலே ஞானராஜ் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். ஒரு துண்டுகூடப் போர்த்தினார்கள்.

வழக்கமாக ட்ரோன் அவர் காலடியில் இறங்கும். அன்று இறங்கவில்லை. அவரைத் தாண்டியது. தரையோடு தரையாக நாற்காலிக் கால்களுக்கு நடுவே வந்து, பந்தி இலைகளின் ஓரமாகப் பறந்து, சமையல்கட்டு ஆவியைக் கிழித்துக்கொண்டு, நடைவழியில் திரும்பி, ஸ்டோர் ரூமுக்குள் வந்து, செபாவின் கால் பெருவிரலுக்கு முன்னால் உட்கார்ந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் பின்னாலேயே ஓடி வந்தார்கள். முன்னால் ஞானராஜ்.

வாசலில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். மூட்டை மேல் பட்டுச்சேலையில் ஒரு பெண், கண்ணில் பெட்டிக் கண்ணாடி, கையில் ரிமோட். இதற்கு மேல் என்ன வேண்டும்? மாப்பிள்ளையின் மாமா பெருமூச்சு விட்டார். "வழி தப்பி வந்துருச்சு போல. நல்லவேள, இந்தம்மா மேல படல."

"சிக்னல் போயிருச்சுண்ணே" என்றார் ஞானராஜ். குனிந்து ட்ரோனை எடுத்தார். செபா பக்கம் திரும்பவில்லை. அவர்களோடு பேசிக்கொண்டே மண்டபத்தைப் பார்த்து நடந்தார்.

ரிமோட்டின் ஓரத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ட்ரோன் எங்காவது முள்ளுக்குள் விழுந்து தொலைந்தால் அதைத் தட்டுவார்கள். கிடக்கிற இடத்திலிருந்து ட்ரோன் கத்தும். செபா அதைத் தட்டினார்.

ஞானராஜின் கையில் அது வீறிட்டது. அவர் உதறினார், உள்ளங்கையால் பொத்தினார், துண்டுக்குள் சுருட்டினார். நாயனச் சத்தத்தையும் மீறிக் கத்திக்கொண்டே போயிற்று. கூட்டம் திரும்பிப் பார்த்தது. செபா கண்ணாடியைக் கழற்றவுமில்லை, சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவுமில்லை.