சாம்பார் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிப்

கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. கூட வேலை பார்க்கிற கூட்டாளியும் நானும் ஆளுக்கொரு கையடக்க கேம் கன்சோல் வைத்திருந்தோம். அவனுடையது கறுப்பு, உள்ளே புது கிராபிக்ஸ் சிப். என்னுடையது சிவப்பு, பழைய சிப். ஒருநாள் காலையில் வந்து நின்றான்.

"எம் பொண்ணு செவப்புதான் வோணும்னு அழுதுகினு கீது நைனா. மாத்திக்கலாமா? சாய்ங்காலம் பஸ்ல நான் எறங்கறதுக்குள்ள சொல்லு."

இன்னொருத்தன் என்றால் வாங்கிப் பையில் போட்டிருப்பான். எனக்குச் சந்தேகம். நிறத்துக்காக எவனாவது நல்ல சிப்பை விட்டுத் தருவானா? நான் எட்டாவதோடு நின்றவன். சிப்புகளை ஒப்பிடும் வீடியோக்களில் ஓடுகிற எண்கள் எனக்குப் பிடிபடுவதில்லை. ஒரே கேமை இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

அவனுடையதை வாங்கிய நிமிஷத்திலிருந்து வேறு கவலை. யாராவது தட்டிவிட்டால்? அதனால், நாங்கள் எல்லோரும் டிபன் பாக்ஸ் வைக்கிற இடத்திலேயே பத்திரமாக வைத்தேன். மெஷினில் பிளாஸ்டிக் உருகுகிற பகுதியின் மேல்மூடி அது. மத்தியானம் வரை சோறு ஆறாது. என்னுடையது பெரிய ஃபேனுக்கு எதிரே பையில் தொங்கியது.

சாப்பாட்டு நேரத்தில் கார் பந்தயம் ஓட்டினேன். சிவப்பில் கார் சுமார்தான், ஆனால் சீராக ஓடியது. கறுப்பில் முதல் வளைவிலேயே நின்று நின்று, பஞ்சரான மாதிரி நகர்ந்தது. பயந்தது பலித்துவிட்டால் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அது வந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "மாத்த வோணாம்பா. உன் சிப்பு இழுக்குது."

"இழுக்குதா? எங்க வெச்சிருந்த?"

"டிபன் வெக்கிற எடத்துலதான்."

தலையில் அடித்துக்கொண்டான். "யோவ், அது சிப்புயா, சாம்பார் சோறு இல்ல! சூடு ஏறினா அதுவே வேகத்த கொறச்சிக்கும். இப்ப ஆறிருக்கும், ஓட்டு!"

முன் சீட்டுக்காரர் திரும்பினார். "நல்லவேள, அப்பளம் வெச்சித் துன்னாம வுட்டானே."

ஓட்டினேன். அதே வளைவில் கார் வழுக்கிக்கொண்டு பறந்தது. ஈரச் சாலையில் விளக்கு வெளிச்சம்கூட மின்னியது. அவன் இறங்குகிற கவரைப்பேட்டை வந்துவிட்டது. அவன் எழுந்து கையை நீட்டினான். சிவப்பைக் கொடுத்தேன்.

கொடுத்த கையோடு அடுத்த கவலை. ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்: "பாப்பா அத அடுப்பாண்ட வெக்கப்போவுதுபா!"

"ரெண்டாவது படிக்கிற புள்ள அது," என்றான் கீழேயிருந்து. "அதுக்கு வெவரம் தெரியும்."